பழைய மாடல் டார்கெட் ரைஃபிளும் கையால வார்த்த ஈயக் குண்டும்

1874-ல நியூயார்க் பக்கத்துல க்ரீட்மோர்ங்கற ரைஃபிள் ரேஞ்ச்ல அமெரிக்க டீமும் அயர்லாந்து டீமும் 800, 900, 1000 கஜத்துல மோதி, 934-க்கு 931னு மூணே பாயிண்ட்ல முடிஞ்ச மேட்ச் பத்தி படிச்சதுல இருந்தே எனக்கு இந்த ஆசை. அவ்வளவு தூரத்துக்கு வெறும் ஈயக் குண்டும் பிளாக் பவுடரும் (பழைய காலத்து கருமருந்து) வெச்சு அப்படி சுட்டிருக்காங்களேன்னு மனசுல நின்னுபோச்சு. லைசென்ஸ், கிளப் மெம்பர்ஷிப் எல்லாம் முடிச்சு ரோலிங் பிளாக்ங்கற பழைய ரைஃபிளோட ரெப்ளிகா ஒண்ணு வாங்கினேன், 45-70, அதாவது 1873-ல அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த தோட்டா. ஒரு நேரத்துல ஒரு தோட்டாதான் போட முடியும்.

முதல்ல ரெடிமேட் குண்டுதான் வாங்கிப் போட்டேன். 100 கஜத்துலயே இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு சிதறுச்சு, பத்து ரவுண்டு போனதும் பேரலுக்குள்ள பார்த்தா சாம்பல் கலர்ல ஈயக்கோடு. கிளப்ல ஒரு பெரியவர், "பேரலை அளந்தியா தம்பி?"ன்னு கேட்டார். அளக்கணும்னே எனக்குத் தெரியாது. காலி ரைஃபிள்தானான்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, பேரல்ல எண்ணெய் தடவி, சுத்தமான ஈயத்துண்டு ஒண்ணை ராடு வெச்சு மெதுவா தள்ளி வெளிய எடுத்து மைக்ரோமீட்டர்ல வெச்சோம். க்ரூவ், அதாவது பேரல் உள்ள சுருளா வெட்டியிருக்கற பள்ளத்துக்குப் பள்ளம் விட்டம், 0.458 அங்குலம், நான் போட்ட குண்டு 0.457. அந்த இடைவெளில சூடான கேஸ் பூந்து ஈயத்தை உருக்கி பேரல்ல பூசிட்டே இருந்திருக்கு. குண்டு பேரலைவிட ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு பெருசா இருக்கணுமாம், அதனால 0.459 மோல்டு (வார்ப்பு அச்சு) வாங்கி நானே வார்க்கலாம்னு இறங்கினேன்.

20 பங்கு ஈயம், ஒரு பங்கு வெள்ளீயம். ஈயம் 327 டிகிரில உருகும், நான் பாத்திரத்தை 380 பக்கம் வெச்சுக்கறேன். கொஞ்சம் தேன்மெழுகு போட்டு கிளறினா கசடு மேல வந்துடும், கரண்டியால எடுத்துடலாம். ஆனா ஒரு விஷயம், உருகின ஈயத்துல ஒரு சொட்டு தண்ணி விழுந்தா போதும், நீராவியாகி மொத்தமும் முகத்துல தெறிக்கும். ஈரக் கரண்டி, ஈரமான ஈயக்கட்டி பக்கத்துலயே வரக்கூடாது. காத்தோட்டமான இடம், கண்ணாடி, தோல் கையுறை கட்டாயம். கசடுத்தூசிதான் உடம்புக்கு ரொம்ப ஆபத்து, அதனால வார்க்கும்போது டீ, தண்ணி எதுவும் வெச்சுக்க மாட்டேன், குழந்தைங்களை அந்தப் பக்கமே விடமாட்டேன், பாத்திரமும் திரும்ப அடுப்படிக்குப் போகாது.

முதல் நாள் வந்தது எல்லாம் சுருக்கம் விழுந்து, ஓரம் மழுங்கி இருந்துச்சு. ஈயம் சூடு பத்தலன்னு நெனச்சு ஏத்திட்டே போனேன், ஆனா குளிர்ந்து கிடந்தது மோல்டுதான். மோல்டோட மூலையை ஈயத்துல கொஞ்ச நேரம் வெச்சு சூடாக்கிட்டு, நடுவுல நிறுத்தாம ஒரே தாளத்துல ஊத்திட்டே இருந்தா தானா சரியாகுது. ஊத்தினதும் ஸ்ப்ரூ பிளேட், அதாவது மிச்ச ஈயத்தை வெட்டிவிடற மோல்டோட மேல்தகடு, அது மேல நிக்கற ஈயக்குளத்தைப் பாருங்க, கண்ணாடி மாதிரி மின்னிட்டு இருக்கும், திடீர்னு மங்கலாகும், ஒரு மூச்சு விட்டுட்டு பிளேட்டை வெட்டுங்க. அவசரப்பட்டா குண்டோட அடிப்பக்கத்துல ஈயம் பிய்ஞ்சு வரும். பேரலை விட்டு கடைசியா வெளிய வர்றது அந்த அடிப்பக்கம்தான், அது கோணலா இருந்தா கேஸ் ஒரு பக்கமா பிச்சுக்கிட்டு குண்டைத் தள்ளிவிடும், குண்டோட மூக்குல சின்ன குறை இருந்தாக்கூட அவ்வளவு பாதிக்காது.

அறுபது வார்த்து ஒவ்வொண்ணா தராசுல வெச்சேன். 500 கிரெயின் (சுமார் 32 கிராம்) குண்டுல ஒரு கிரெயினுக்குள்ள வித்தியாசம் இருந்தது நாப்பத்தொண்ணு, மீதியை திரும்ப பாத்திரத்துலயே போட்டுட்டேன். குண்டுக்கு தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த லூப் (வழுக்கும் பூச்சு) பூசி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவுல ஈரத்துணி விட்டு பேரலைத் துடைச்சு 100 கஜத்துல சுட்டேன், பத்தும் என் உள்ளங்கை அகலத்துக்குள்ள. கடைசியா துணியை இழுத்துப் பார்த்தா வெறும் கரி மட்டும்தான், ஒரு ஈயத்துகள்கூட இல்ல. அந்தத் துணியை அந்தப் பெரியவர்கிட்ட கொண்டுபோய் காட்டினேன், வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அடுத்த வாரம் 200-க்கு வா"ன்னார்.