லாரி புக்கிங் ஆபீசில் முதல் மூன்று மாதம்: பெங்களூருவில் புதிதாகச் சேருகிறவருக்கு

"பத்து டன் இருக்கு, சென்னைக்கு, நாளைக்கு வண்டி வேணும்." பீனியாவிலோ பொம்மசந்திராவிலோ லாரி ஆபீசில் உட்காருகிறவருக்கு ஃபோன் இப்படித்தான் வரும். புதியவர் உடனே வாடகையைச் சொல்லிவிடுவார். மறுநாள் வண்டி கேட்டில் நிற்கும்போதுதான் தெரியும், சரக்கு பன்னிரண்டு அடி நீளக் குழாய் என்று; அல்லது கம்பெனி கன்டெய்னர் வண்டியை மட்டும்தான் உள்ளே விடும் என்று. அதற்குள் டிரைவர் நாற்பது கிலோமீட்டர் காலியாக வந்திருப்பார். அந்த டீசலுக்கு யார் பணம் தருவது என்ற சண்டைதான் உங்கள் முதல் பாடமாக இருக்கும்.

ஆகவே வாடகை பேசுவதற்கு முன் கேட்க வேண்டியவற்றை ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். என்ன சரக்கு, எத்தனை பெட்டி, ஒரு பெட்டியின் நீளம் அகலம் உயரம், பேக்கிங்கோடு சேர்த்து மொத்த எடை. ஏற்றும் இடத்தின் பின்கோடு, இறக்கும் இடத்தின் பின்கோடு. ஏற்றுவது மேலிருந்து கிரேனிலா, பக்கவாட்டில் ஃபோர்க்லிஃப்டிலா, பின்பக்கக் கதவு வழியாக ஆள் கையிலா. கூலி யார் பொறுப்பு. இறக்குமிடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆள் இருப்பார்களா. இத்தனையும் கேட்க ஐந்து நிமிடம் போதும். கேட்டால் பார்ட்டி (சரக்கு அனுப்புகிறவர்) சலித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். ஒழுங்கான பார்ட்டிக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கிற ஆபீஸ்தான் பிடிக்கும்.

பீனியாவின் உள்தெருக்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: 32 அடி வண்டி திரும்புமா? சில கிளைத்தெருக்களில் எதிரே ஒரு குட்டி யானை நின்றாலே பெரிய வண்டிக்கு வழி கிடையாது. தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் உண்டு. செக்யூரிட்டியின் நம்பரை வாங்கி அவரையே கேட்டால் முதலாளியைவிடத் துல்லியமாகச் சொல்வார்.

வண்டி வகைகளைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட ஒரு நாள் எஷ்வந்த்பூர் டிரக் டெர்மினலில் நடந்து பார்ப்பது மேல். குட்டி யானை முக்கால் டன், பிக்கப் ஒன்றரை டன் வரை, பிறகு 14, 17, 19 அடி ஈச்சர் ரகங்கள், ஆறு சக்கர லாரி, பத்துச் சக்கர டாரஸ், அதற்கு மேல் 12, 14, 16 சக்கரங்கள், கடைசியில் டிரெய்லர். 32 அடி கன்டெய்னரில் இரண்டு ரகம் உண்டு. பின்னால் ஒற்றை அச்சு உள்ளது சுமார் 7 டன் ஏற்றும், இரட்டை அச்சு உள்ளது சுமார் 15 டன். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே பெட்டிதான். "32 அடி கன்டெய்னர்" என்று மட்டும் சொல்லி வண்டி பிடித்து, ஒற்றை அச்சு வண்டி வந்து நிற்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அந்தப் பெட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 2,000 கன அடி. பஞ்சு, தெர்மாகோல், காலி பாட்டில் மாதிரி சரக்குக்கு எடை முக்கியமில்லை, இந்த எண்தான் முக்கியம்.

எடை விஷயத்தில் யார் வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம். ஆர்சியை (வண்டியின் பதிவுச் சான்று) வாங்கி அதில் உள்ள மொத்த எடையிலிருந்து (வண்டியும் சரக்கும் சேர்த்து அனுமதித்த வரம்பு) வெற்று எடையைக் கழியுங்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 28,000 கிலோ, வெற்று எடை 9,800 என்றால் மிச்சம் 18,200 கிலோ. அதே பத்துச் சக்கரத்தில் 25,000 கிலோவுக்குப் பதிவான பழைய வண்டியும் ஓடுகிறது. அதில் வெற்று எடை 8,900 என்றால் 16,100 கிலோதான் ஏற்றலாம். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்திய பிறகு வந்த வித்தியாசம் இது. ஆறு சக்கர வண்டியின் வரம்பு அப்போதுதான் 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. வண்டியின் தோற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஆர்சியில் இருப்பதே கணக்கு.

சரக்கு 16 டன், வண்டி 16.1 டன் தாங்கும், சரியாகிவிட்டது என்று நினைத்தால் அதுவும் பிசகும். மரப் பேலட் ஒன்று 20, 25 கிலோ. இருபது பேலட் போட்டால் அரை டன். தார்ப்பாய், கயிறு, டேங்கில் டீசல், ஆட்கள் எல்லாம் எடைமேடையில் ஏறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கவும் சொல்லலாம். ஓசூர் ரோட்டில் அரை டன் வார்ப்பு இரும்பை இறக்கி எங்கே வைப்பது? எப்போதும் ஐந்து சதவீதம் இடைவெளி விட்டுப் பேசுவது நல்ல பழக்கம். ஏற்றியவுடன் எடைச்சீட்டைப் படம் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி பிடிப்பதற்கு முன் ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), நேஷனல் பெர்மிட், வரி, புகைச் சான்று, டிரைவர் லைசென்ஸ் ஆகியவற்றின் தேதிகளைப் பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் பெரும்பாலானவை வந்துவிடும். எஃப்சி புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம். எட்டு வருடத்தைத் தாண்டிய வண்டியில்தான் தேதி தப்பியிருக்கும், அங்கே கூடுதலாகக் கவனியுங்கள். எஃப்சி முடிந்த வண்டி விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக் காரணம் தேடும்.

ஏமாற்று வேலையும் இங்கேதான் நுழைகிறது. தெரியாத புரோக்கர் மலிவான வாடகைக்கு வண்டி தருகிறேன் என்பார், அட்வான்ஸ் போனதும் ஃபோன் அணைந்துவிடும். அதைவிட மோசம், நம்பர் பிளேட் மாற்றிய வண்டி சரக்கோடு மறைவது. ஆர்சியில் உள்ள உரிமையாளர் பெயர், பான் கார்டுப் பெயர், பணம் போடும் வங்கிக் கணக்குப் பெயர் மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஏற்றும் இடத்தில் வண்டியின் முன்பக்கம், பின்பக்கம், சேசிஸ் எண், டிரைவர் முகம் என நான்கு படம் எடுக்கச் சொல்லுங்கள். சேசிஸ் எண் ஆர்சியோடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு பெட்டிகூட ஏற்ற விடாதீர்கள். சந்தை வாடகையைவிட ரொம்பக் குறைவாக யாராவது ஒத்துக்கொண்டால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

இனி ஈ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி விதிப்படி இணையத்தில் எடுக்கும் சீட்டு. புதியவர் பயப்படுவதும் இதற்குத்தான், உண்மையில் தவறு நடப்பதும் இதில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாக. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் கட்டாயம். பகுதி ஏ-யில் இன்வாய்ஸ் விவரம். இதைச் சரக்குக்காரர் போடுவார். பகுதி பி-யில் வண்டி நம்பர். இது பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். பகுதி பி இல்லாத பில்லை வைத்துக்கொண்டு வண்டி கிளம்பினால் அது பில் இல்லாத மாதிரிதான். எழுத்து ஓ-வுக்குப் பதில் பூஜ்யம், இலக்கங்கள் இடம் மாறுவது, முந்தைய லோடின் வண்டி நம்பரை அப்படியே விடுவது ஆகியவை வழக்கமான பிழைகள். நம்பரை டிரைவர் வாயிலிருந்து கேட்டு அடிக்காமல் பிளேட்டின் படத்தைப் பார்த்து அடியுங்கள்.

செல்லுபடி நாள் தூரத்தைப் பொறுத்தது: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், மிச்சத்துக்கு இன்னொரு நாள். பெங்களூரு–சென்னை சுமார் 350 கிலோமீட்டர், எனவே இரண்டு நாள். மும்பை சுமார் 980, எனவே ஐந்து நாள். நாள் கணக்கு பகுதி பி போட்ட நேரத்திலிருந்து ஆரம்பிக்கும். முதல் நாள் என்பது மறுநாள் நள்ளிரவோடு முடிகிறது. திங்கட்கிழமை மாலை சென்னைக்குப் போட்டால் புதன்கிழமை இரவு 12 மணி வரை. அளவு மீறிய பெரிய இயந்திரங்களுக்கு மட்டும் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வண்டி வழியில் நின்றுபோனால், காலம் முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து முடிந்த பிறகு 8 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். இந்தப் பதினாறு மணி நேரத்தைத் தவறவிட்டால் அப்புறம் கெஞ்சுவதற்கு ஆளில்லை. நள்ளிரவில் காலாவதியாகும் பில்களுக்கு மாலை 5 மணிக்கே ஃபோனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பில்லையே தவறாகப் போட்டுவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய முடியும், ஆனால் வழியில் அதிகாரி சோதித்த பிறகு முடியாது.

வண்டி பழுதாகி வேறு வண்டியில் மாற்றி ஏற்றினால் பகுதி பி-யைப் புது நம்பருக்கு மாற்றிய பிறகுதான் சக்கரம் நகர வேண்டும். பத்துப் பார்ட்டியின் பார்ட் லோடு (வண்டியை நிறைக்காத சிறு சரக்கு) ஒரே வண்டியில் போனால் தொகுப்பு ஈ-வே பில் ஒன்று போட்டு டிரைவர் கையில் தரலாம். ஆனால் உள்ளே ஒரு பில் காலாவதியானாலும் மொத்த வண்டியும் நிற்கும்.

எல்ஆர் (சரக்கை ஏற்றியதற்கு நாம் தரும் லாரி ரசீது) எழுதும்போது பெட்டி எண்ணிக்கை, எடை, இன்வாய்ஸ் எண், மதிப்பு, வாடகை 'பெய்டு' (முன்பே கட்டியது), 'டு பே', 'பில்லிங்' (பிறகு பில் போட்டு வாங்குவது) இவற்றில் எது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 'டு பே' என்றால் இறக்குகிறவரிடம் டிரைவர் பணம் வாங்க வேண்டும். அவருக்கு ஃபோன் செய்து அது தெரியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சரக்கைப் பெட்டி பிரித்துப் பார்க்காமல் ஏற்றினால் அதை எல்ஆரிலேயே குறிப்பிடுங்கள். வண்டியின் இன்சூரன்ஸ் சரக்குக்குப் பொருந்தாது. சரக்குக்காரர் தனியாக டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாரா என்று கேட்டு அதையும் குறித்து வையுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி சரக்கு தொலைந்தால், சேதமானால் நோட்டீஸ் கொடுக்க 180 நாள் அவகாசம் உண்டு. ஆகவே பழைய எல்ஆரை மூன்று மாதத்தில் எடைக்குப் போடாதீர்கள்.

வாடகைக் கணக்கை எப்படிப் பழகுவது? வண்டிக்காரரின் பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். பாரத்தோடு பத்துச் சக்கர வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர், டீசல் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சென்னைக்கு 350 கிலோமீட்டருக்கு 87.5 லிட்டர், அதாவது 7,875 ரூபாய். அதோடு சுங்கம், டிரைவர் பேட்டா, பிஎஸ்-6 (புதிய மாசு விதி) வண்டியானால் ஆட்ப்ளூ (புகையின் மாசைக் குறைக்க ஊற்றும் திரவம்), டயர் தேய்மானம், இன்சூரன்ஸ், வட்டி இவற்றில் ஒரு நாள் பங்கு, புரோக்கர் கமிஷன். இதற்குக் கீழே வாடகை பேசினால் வண்டிக்காரர் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் வழியில் இன்னொரு சரக்கை ஏற்றுவார் அல்லது லோடை விட்டுவிட்டுப் போவார்.

நாமக்கல், சங்ககிரி வண்டிக்காரர்கள் முதலில் கேட்பது போகிற வாடகையை அல்ல, "ரிட்டன் என்ன கிடைக்கும்?" என்பதைத்தான். அம்பத்தூரில் இறக்கிய வண்டி ஸ்ரீபெரும்புதூரில் லோடு ஏற்றினால் காலி ஓட்டம் சில மணி நேரம்தான். அது கிடைக்காமல் இரண்டு நாள் நின்றால் போன வாடகையின் லாபம் போய்விடும். ஒவ்வொரு ஊருக்கும் போகும் வாடகை, வரும் வாடகை இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் அந்த நோட்டைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. மாதக் கடைசி மூன்று நாளில் கம்பெனிகள் பில்லிங்குக்காக அடித்துப் பிடித்து அனுப்பும், வாடகை ஏறும். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கலுக்கு டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பார்ட்டிகளுக்குப் பத்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள்.

பாதையைப் பொறுத்தவரை ஒன்றிரண்டு மட்டும். நகருக்குள் கனரக வாகனங்களுக்குப் பகலில் நேரத் தடை உண்டு, அது மாறிக்கொண்டும் இருக்கும். நெலமங்கலா, அத்திப்பள்ளி, ஹொஸ்கோட்டே பக்கம் நிறுத்தி இரவில் உள்ளே விடுவது வழக்கம். பந்திப்பூர் காட்டுப்பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். சேலம் வழியாகப் போகும் புதிய டிரைவருக்குத் தொப்பூர் கணவாயில் கியரில் இறங்கச் சொல்லி நினைவூட்டுங்கள். நெடுஞ்சாலையில் அவசரம் என்றால் 1033.

வண்டி கிளம்பிய பிறகு மணிக்கொரு தரம் ஃபோன் செய்யாதீர்கள். ஓட்டுகிறவர் எடுத்தால் ஆபத்து, எடுக்காவிட்டால் உங்களுக்குப் பதற்றம். காலை 7, மதியம் 1, இரவு 8 என்று பேசி வைத்துக்கொண்டு, "அண்ணே, எந்த டோல் தாண்டியிருக்கீங்க?" என்று கேட்டாலே போதும். நாமக்கல்காரரிடம் தமிழ், குடோன் காவலாளியிடம் கன்னடம், ஹரியானா கன்டெய்னர்காரரிடம் இந்தி: மூன்றிலும் எண்கள், திசைகள், "ஏற்று", "இறக்கு", "நிறுத்து" வரை தெரிந்தாலே வேலை ஓடும்.

இறக்குமிடத்தில் வண்டி காத்து நிற்பதுதான் பணம் கரையும் இடம். எத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் ஒரு நாளுக்கு ஹால்ட்டிங் எவ்வளவு என்பதை ஏற்றுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி பார்ட்டியிடம் "சரி" என்று பதில் வாங்குங்கள். வண்டி போய்ச் சேர்ந்ததும் கேட் ரிஜிஸ்டரின் படம், இறங்கியதும் வெளியேறும் நேரத்தின் படம். இரண்டும் இல்லாமல் ஹால்ட்டிங் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

பணத்தின் ஓட்டத்தையும் முதல் வாரத்திலேயே புரிந்துகொள்ளுங்கள். வண்டிக்காரர் ஏற்றியவுடன் எண்பது, தொண்ணூறு சதவீதம் அட்வான்ஸ் கேட்பார். கம்பெனியோ பில் போட்டு நாற்பத்தைந்து, அறுபது நாளில் தரும். இடையில் போடும் பணம் உங்கள் ஆபீசின் கையிருப்பிலிருந்துதான் போகும். லோடு நிறையப் பிடித்தே கடை மூடிய ஆபீஸ்கள் உண்டு. பாக்கி வசூலாவது பிஓடி (சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான சான்று) வந்தால்தான். இறக்கிய இடத்தில் சீலும் தேதியும் கையெழுத்தும் உள்ள எல்ஆர் காப்பியை டிரைவர் முதலில் படமாக அனுப்பட்டும். அதில் "2 பெட்டி குறைவு", "நனைந்தது" மாதிரி குறிப்பு இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால் டிரைவர் கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே பார்ட்டிக்கு ஃபோன் போக வேண்டும். மூலக் காப்பி கூரியரில் வந்ததும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, எல்ஆர் எண்ணையே கோப்பின் பெயராக வைத்துச் சேமித்த பிறகுதான் கம்பெனிக்கு அனுப்புங்கள்.