டூட்டி பார்த்துக்கொண்டே என்கிளெக்ஸ்: நெல்லைப் பக்கத்து நர்ஸ்களுக்கு

பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அமெரிக்க ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமத்துக்காக என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். வேலையை விட்டால்தான் பாஸாக முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வார்டில் நிற்பது இந்தத் தேர்வுக்குப் பெரிய பலம். ஆனால் வார்டில் செய்கிற பழக்கத்தையே பதிலாக டிக் செய்தால் அதுவே காலை வாரிவிடும். நன்றாக வேலை தெரிந்தவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

புத்தகத்தைத் தொடும் முன் காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள். மார்க் விவரங்களை, நீங்கள் படித்த கல்லூரியோ பல்கலைக்கழகமோ சான்றுகளைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்புக்கு நேரடியாக அனுப்ப வேண்டும், பதிவுச் சான்றை நர்சிங் கவுன்சில் நேரடியாக அனுப்ப வேண்டும். நம் கையால் அனுப்பினால் செல்லாது. இதற்கே மாதக்கணக்கில் ஆகும். எல்லாம் முடிந்து வருகிற ஏடிடி என்ற தேர்வு அனுமதிக்கோ காலக்கெடு உண்டு, அதை நீட்டித் தரமாட்டார்கள். காகிதம் நகர்கிற மாதங்களில் படித்துவிட்டால், அனுமதி வந்ததும் தேதி போட்டுவிடலாம். தேர்வுக் கட்டணம் 200 டாலர், இந்தியாவில் எழுதுவதற்கு மேற்கொண்டு 150 டாலர், அதன்மேல் வரி.

நம் ஊர் ஆட்களுக்கு வருகிற ஒரு தொல்லை, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் 'சு. முத்துலட்சுமி' என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் 'முத்துலட்சுமி சுடலைமுத்து' என்றிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த இன்னொரு அடையாள அட்டையில் வீட்டுக்காரர் பெயர் ஒட்டியிருக்கும். தேர்வு மையத்தில் பதிவுப் பெயரும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். பாஸ்போர்ட்டை முதலில் சரி செய்துவிட்டு, விண்ணப்பம் முழுவதும் அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள்.

தேர்வின் அமைப்பு இது: குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, நேரம் 5 மணி. அதில் 15 கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, எவை என்று தெரியாது. விடை சரியானால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். விட்டுவிட்டுப் போகவோ திரும்பி வரவோ முடியாது. 85-இல் நின்றுவிட்டால் பாஸ் என்றோ ஃபெயில் என்றோ அர்த்தமில்லை. 2023 ஏப்ரலில் இருந்து மூன்று கேஸ் ஸ்டடிகள், ஒவ்வொன்றிலும் ஆறு கேள்வி. 'பொருந்துவன எல்லாம்' என்கிற வகையில் சரியான ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் கூடும், தவறான ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே சந்தேகத்தில் எல்லாவற்றையும் டிக் செய்யக்கூடாது.

இனி வார்டுப் பழக்கத்துக்கு வருவோம். நம் ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் முதலில் டூட்டி டாக்டருக்குப் போன். தேர்வில் நர்ஸே செய்யக்கூடிய உடனடிச் செயல் பட்டியலில் இருந்தால் போன் முதல் விடை ஆகாது. ரத்தம் ஏறும்போது நடுக்கமும் இடுப்பு வலியும் வந்தால் முதலில் ரத்தத்தை நிறுத்து. புது டியூப்பில் நார்மல் சலைன் போட்டு லைனைக் காப்பாற்று. அப்புறம்தான் டாக்டர். அதேபோல் நம் வார்டில் உடம்பு துடைப்பது, ஊட்டுவது எல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர் வேலை. அங்கே அது உதவியாளர் வேலை. அவரிடம் குளிப்பாட்டுவதையும், நிலையாக இருக்கும் நோயாளியின் பல்ஸ், பிபி பார்ப்பதையும் ஒப்படைக்கலாம். மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது, பலன் பார்ப்பது மூன்றும் ஆர்.என். கையைவிட்டுப் போகக்கூடாது. ஆபரேஷன் சம்மதத்தில் அண்ணனோ மாமாவோ கையெழுத்துப் போடுவது இங்கே சகஜம். தேர்வில் சுயநினைவுள்ள நோயாளிதான் முடிவெடுப்பார், டாக்டர் விளக்குவார், நர்ஸ் கையெழுத்துக்குச் சாட்சி மட்டும்.

ஒரு கேள்வியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். நான்கு பேரில் யாரை முதலில் பார்ப்பது? அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு எட்டு. சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி, ஆக்சிஜன் 90 சதம். தைராய்டு எடுத்துச் சில மணி நேரம், உதட்டைச் சுற்றி மதமதப்பு. சர்க்கரை 210. ஆக்சிஜன் 90 என்றதும் கை அங்கே ஓடும். ஆனால் சிஓபிடிக்கு 88 முதல் 92 எதிர்பார்த்த அளவுதான். தைராய்டோடு, அதை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பியும் அடிபட்டால் கால்சியம் இறங்கும், அதன் முதல் அறிகுறி அந்த மதமதப்பு. அடுத்து தொண்டை இறுகி மூச்சே அடைக்கும். எனவே மூன்றாமவர். விடை சரியாக வந்தாலும் மற்ற மூவரும் ஏன் இல்லை என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். படிப்பு நடப்பது அங்கேதான்.

வார்டு கைகொடுக்கும் இடமும் உண்டு. பூச்சிமருந்து குடித்து வந்தவரைப் பார்த்திருப்பீர்கள்: வாயில் எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகும், நாடி குறையும், அட்ரோபின் ஓடும். மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோயாளிக்கு மருந்து கூடிப்போய் வருகிற கோலினெர்ஜிக் கிரைசிஸும் அதே படம்தான். அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம், அந்த கட்டில்காரரை நினைத்தால் போதும்.

கணக்கில் கவனம். எடையைப் பவுண்டில் தருவார்கள், 2.2-ஆல் வகுத்தால் கிலோ. 154 பவுண்டு என்றால் 70 கிலோ. டோபமின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், 250 மில்லியில் 400 மில்லிகிராம் என்றால் மணிக்கு 13.1 மில்லி. நடுவில் ரவுண்டு செய்யாதீர்கள், கடைசியில் மட்டும். இன்சுலினில் நமக்கு மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் சிவப்பு மூடி சிரிஞ்சும் பழக்கம், அங்கே மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் குப்பி மருந்தை 40 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மருந்துப் பெயர்களும் மாறும்: பாரசிட்டமால் அசிட்டமினோஃபென் ஆகும், சால்பியூட்டமால் அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின்.

நேரத்துக்கு ஒரே டைம்டேபிள் போடாதீர்கள், ஷிப்டுக்கு ஒன்று போடுங்கள். காலை டூட்டி வாரத்தில், வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, சாயந்திரம் ஒன்றரை மணி நேரம் புதுப் பாடமும் 40 கேள்வியும். மதிய டூட்டி வாரத்தில் காலை நேரம் முழுக்க உங்களுடையது, கடினமான பாடங்களை அங்கே வையுங்கள். நைட் வாரத்தில் புதுசு எதுவும் வேண்டாம். ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டு வந்து தூங்குங்கள், எழுந்தபின் பழைய தவறுகள் மட்டும் 20 பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வார்டில் உட்கார்ந்து படிப்பது நோயாளிக்கும் ஆபத்து, மண்டையிலும் ஏறாது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்தோ நாசரேத்திலிருந்தோ திருச்செந்தூர் பாசஞ்சரில் வருபவர்கள் அந்த நேரத்தை லேப் அளவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்: பொட்டாசியம் 3.5 முதல் 5, சோடியம் 135 முதல் 145, லித்தியம் 0.6 முதல் 1.2. கேஸ் ஸ்டடியை மட்டும் போனில் பழகாதீர்கள். தேர்வில் இடப்பக்கம் கேஸ் ஷீட், வலப்பக்கம் கேள்வி என்று திரை பிரிந்திருக்கும், அது பெரிய திரையில்தான் கண்ணுக்குப் பழகும். வார விடுமுறையில் ஒரே மூச்சாக 85 கேள்வி எழுதிப் பாருங்கள். உட்கார்கிற தெம்பும் ஒரு பாடம்தான்.

சென்னை மையத்தில் எழுதுகிறவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் விடிய இறங்கி நேரே தேர்வுக்குப் போக வேண்டாம். ஒரு நாள் முன்னதாகப் போய்த் தூங்குங்கள். நைட் ஷிப்டை முந்தைய வாரமே மாற்றிக் கேட்டு வையுங்கள். இடையில் எழுந்து போகிற நேரமும் அந்த 5 மணியில்தான் கழியும்.

தவறிப்போனால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். கூட வருகிற அறிக்கையில் ஒவ்வொரு பகுதிக்கும் தரத்துக்கு மேல், அருகில், கீழே என்று போட்டிருக்கும். 'கீழே' என்று வந்ததில் இருந்து ஆரம்பியுங்கள். அதிலும் மருந்தியலும் பொறுப்பு ஒப்படைத்தலும் இருந்தால் அவைதான் முதலில். தேர்வில் பொறுப்பு ஒப்படைத்தல் அடங்கிய மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் பகுதி 15 முதல் 21 சதம், மருந்துகள் 13 முதல் 19 சதம்.