ஆர்க்டிக் தரை அணிலும் செம்பழுப்பு ஹம்மிங் பறவையும்

அலாஸ்காவில் கோடையைக் கழிக்கும் இவ்விரண்டையும் ஒப்பிடுபவர்கள், ஒன்று குளிருக்குப் பயந்து மண்ணுக்குள் ஒடுங்குகிறது, மற்றது மெக்சிகோவுக்குப் பறந்துவிடுகிறது என்று சொல்லி முடித்துக்கொள்வதே வழக்கம். உடல் வெப்பத்தைத் தாமாகவே தணித்துக்கொண்டு, சேர்த்த கொழுப்பைச் சிக்கனமாகக் காப்பதில் இரண்டும் ஒரே கட்சி என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது.

அணில் ஏறக்குறைய முக்கால் கிலோ எடையுள்ளது. கீழே நிரந்தரமாக உறைந்த நிலம் இருப்பதால் அதனால் ஆழமாக வளை தோண்ட இயலாது. ஆகவே, ஏழெட்டு மாதங்கள் உறைந்த மண்ணுக்கு நடுவிலேயே குளிர்கால உறக்கத்தில் சுருண்டு கிடக்கிறது. அப்போது அதன் வயிற்றுப் பகுதியின் வெப்பநிலை மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதை அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் பிரையன் பார்ன்ஸ் 1989இல் வெளியிட்டார். பனிப்படிகம் உருவாகத் தொடங்குவதற்கான கரு எதுவும் கிடைக்காததால், அந்தக் குளிரிலும் இரத்தம் உறையாமல் திரவமாகவே இருக்கிறது. தலையும் கழுத்தும் மட்டும் சற்றே கூடுதல் வெப்பத்துடன் இருக்கின்றன. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெப்பம் உண்டாக்கவே உதவும் பழுப்புக் கொழுப்பை எரித்தும் நடுங்கியும் உடலை 36 டிகிரிக்கு மேல் சூடேற்றிக்கொள்கிறது. குளிர்காலச் சேமிப்பில் பெரும்பங்கை விழுங்குவது இந்தச் சூடேற்றம்தான். இவ்வளவு செலவு செய்து விழித்த பிறகு, அந்த நேரத்தின் பெரும்பகுதியை அணில் வழக்கமான தூக்கத்தில் கழிக்கிறது என்பது விந்தை; தூங்குவதற்காகவே விழிக்கிறதோ என்று ஆய்வாளர்களே கேட்டிருக்கிறார்கள்.

மூன்று நான்கு கிராம் எடையுள்ள பறவையோ குளிர்வதையும் மீண்டும் சூடேறுவதையும் ஓர் இரவுக்குள் முடித்துக்கொள்கிறது. சிறிய உடல் விரைவில் குளிரும், விரைவில் சூடேறும்; அணிலுக்குப் பல மணி நேரம் பிடிக்கும் வேலையைப் பறவை தன் பறக்கும் தசைகளை நடுங்கச் செய்து அரைமணி நேர அளவில் செய்துவிடுகிறது. குளிர்ச்சியின் ஆழத்தில் செம்பழுப்புப் பறவையை அதன் உறவுக்கார ஹம்மிங் பறவை ஒன்று முந்துகிறது: பெருவின் ஆண்டிஸ் மலையில் அது 3.3 டிகிரி வரை குளிர்ந்ததை 2020இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. பசித்த பறவைதான் இப்படி மரத்துக் கிடக்கும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் வலசையின் நடுவே தங்கும் செம்பழுப்புப் பறவைகள், நன்றாகக் கொழுத்த பிறகும், அடுத்த பயணத்துக்கான கொழுப்பு இரவில் கரையாமலிருக்க இந்த நிலைக்குப் போகின்றன.

வசந்தத்தில் ஆண்கள் முந்திக்கொள்வதிலும் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆண் பறவை பெண்ணுக்கு முன்பே வடக்கே வந்து இடம் பிடிக்கிறது. ஆண் அணிலோ, இனப்பெருக்கத்துக்கு உடல் தயாராக வேண்டியிருப்பதால், வெளியே வருவதற்குச் சில வாரங்கள் முன்பே உறக்கத்தை முடித்துக்கொண்டு, வளையில் சேர்த்துவைத்த விதைகளைத் தின்றபடி காத்திருக்கிறது.