2028 அமெரிக்கத் தேர்தல்: எந்த மாநிலம் ஊசலாடும்?

2028 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றும் எப்படியும் இழுபறிதான். எனக்கு நியூ ஜெர்சி மேல்தான் கண். 2020இல் ஜனநாயகக் கட்சியின் பைடன் அங்கே கிட்டத்தட்ட 16 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024இல் அதே கட்சியின் ஹாரிஸுக்கு 6 புள்ளிதான். அங்குள்ள பசேயிக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) குடியரசுக் கட்சியின் டிரம்ப் பக்கமே சாய்ந்துவிட்டது. சரி, கோட்டை ஆட்டம் கண்டுவிட்டது என்று பார்த்தால், 2025 ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மைக்கி ஷெரில் 13 புள்ளிக்கு மேல் அள்ளிக்கொண்டு போனார். டிரம்புக்காகவே வந்த வாக்காளர்கள், அவர் பெயர் இல்லாத வாக்குச்சீட்டுக்கு வருவார்களா? அங்கேதான் முடிச்சு. டெக்சாஸ் ஜனநாயகக் கட்சிப் பக்கம் மாறும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்கள், விடுங்கள். அதைவிட வட கரோலினாவை நம்பலாம். ஜனநாயகக் கட்சிக்கு அங்கே ஒபாமா 2008இல் ஜெயித்ததோடு சரி, ஆனால் அப்புறம் எல்லாமே நெருக்கமான போட்டிதான்.