கோயம்புத்தூரில் கருத்தரிப்புச் சிகிச்சை, கோத்தகிரியில் பெரியம்மா வீடு

எங்கள் கல்யாணச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. இலங்கையில் ஹட்டனிலிருந்து இந்தியாவில் கோயம்புத்தூர் போய் ஐ.வி.எஃப் (முட்டையையும் விந்தையும் வெளியே சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை) செய்துகொள்வது என்று முடிவெடுத்து, பணம், லீவு, டிக்கெட் என்று நான்கு மாதம் திட்டம் போட்டோம். இந்த ஒரு தாளை மட்டும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. இந்தியாவில் 2021-ல் வந்த சட்டப்படி, தம்பதியாகச் சிகிச்சை எடுப்பவர்களிடம் மருத்துவமனை கல்யாண ஆதாரம், வயது ஆதாரம் எல்லாம் வாங்கி வைக்க வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50 வரை, ஆணுக்கு 21 முதல் 55 வரை என்று வயது வரம்பும் அதில் இருக்கிறது. முன்பதிவு செய்யும்போது அனுப்பிய சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இதுல எதும்மா உங்க பேரு?" என்று வாட்ஸப்பில் கேட்டார்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்க ஒரு வாரம் போனது. அப்போதுதான் தெரிந்தது, பாஸ்போர்ட்டில் என் வீட்டுக்காரர் பெயரில் ஒரு எழுத்து கூடுதல், சான்றிதழில் அது இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி ஒன்று.

நீலகிரி மலையில் கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போனில் இதைச் சொன்னபோது சிரித்தார். 1974-ல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக வந்து, தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். "எங்களுக்கும் பேரத் தப்பாத்தான் புள்ள எழுதினாங்க. இன்னும் அந்தப் பேர்லதான் பென்சன் வாங்குறேன்" என்றார்.

கொழும்பிலேயே செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: கொழும்பில் இரண்டு தடவை ஐ.யு.ஐ (விந்தை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்து பார்த்தோம். ஹட்டனிலிருந்து கொழும்பும் எங்களுக்குப் பக்கம் இல்லை. கோயம்புத்தூரில் டாக்டரிடம் எல்லாவற்றையும் தமிழில் கேட்கலாம், தங்குவதற்குக் கோத்தகிரியில் பெரியம்மா வீடு இருக்கிறது. இந்த இரண்டு காரணம்தான். தங்கும் விஷயத்தில் நாங்கள் போட்ட கணக்கு தப்பாகப் போனது, அதை அப்புறம் சொல்கிறேன்.

விசாவுக்கு மருத்துவமனை ஒரு கடிதம் தர வேண்டும். இ-மெடிக்கல் விசா 60 நாளுக்குக் கிடைத்தது, அதற்குள் மூன்று தடவை போய் வரலாம். கூட வருபவர்களில் இரண்டு பேர் வரைக்கும் உதவியாளர் விசா உண்டு. கடிதம் வாங்கும்போது கணவர் பெயரையும் அதில் எழுதச் சொல்லுங்கள், இந்தச் சிகிச்சையில் அவரும் நோயாளிதான். இன்னொன்று, வெளிநாட்டுக்காரரைத் தன் வீட்டில் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் படிவம் போட வேண்டும், நாங்கள் போனபோது அதற்குப் பெயர் 'சி படிவம்'. ஹோட்டலுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். சொந்தக்கார வீட்டுக்கும் அதேதான். பெரியம்மா மகன், அண்ணன், ராத்திரி பத்து மணிக்கு போனில் என் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பழைய ரிப்போர்ட்டுகளைப் பற்றி ஒரு விஷயம். என் ஏ.எம்.எச் (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) அளவு 8.6 என்று ஊரில் எடுத்த ரிப்போர்ட்டில் இருந்தது. ஒன்றுக்கு மேல் இருந்தாலே பரவாயில்லை என்று இணையத்தில் படித்துவிட்டு, எட்டரை என்றால் ராஜாத்திதான் என்று சந்தோஷமாக இருந்தேன். கோயம்புத்தூர் டாக்டர் அதைப் பார்த்து ஏழு சொச்சத்தால் வகுத்தார். எங்கள் ஆய்வகம் போட்டது லிட்டருக்குப் பிகோமோல் கணக்கில், அவர்கள் பார்ப்பது மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில். 7.14-ஆல் வகுத்தால் 1.2 வருகிறது. ராஜாத்தி ஒரு நிமிஷத்தில் ஏழையானாள். எந்த ரிப்போர்ட்டாக இருந்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் பாருங்கள். எச்.ஐ.வி, மஞ்சள் காமாலை மாதிரியான ரத்தப் பரிசோதனைகளைப் பழையது என்று சொல்லி மறுபடியும் எடுத்தார்கள், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு, ருபெல்லா இரண்டையும் ஊரிலேயே பார்த்துவிட்டுப் போவது நல்லது. ருபெல்லா ஊசி போட வேண்டி வந்தால் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தை விசாவுக்குள் வைக்க இடம் கிடையாது.

2024 அக்டோபர் 3-ம் தேதி திருச்சியில் இறங்கினோம். 5-ம் தேதி மாதவிலக்கு வர வேண்டும், இரண்டாம் நாளிலிருந்து முட்டை வளர ஊசி, பன்னிரண்டு நாளில் கருமுட்டை எடுப்பு, 24-ம் தேதி வீட்டுக்காரருக்கு லீவு முடியும்போது இருவரும் ஊர் திரும்பிவிடலாம். நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். 5 போனது. 8 போனது. கோத்தகிரியில் விடாத மழை. நான் காலையில் எழுந்ததும் குளியலறைக்குப் போய்விட்டு வெளியே வருவேன், பெரியம்மா ஒன்றும் கேட்காமல் டீயை நீட்டுவார். 14-ம் தேதிதான் வந்தது. பயணம், கவலை, எதனாலும் தள்ளிப் போகலாம் என்றார் டாக்டர். "முன்னாடியே வீடியோல பேசியிருந்தா மாத்திரை குடுத்து தேதிய நாமளே முடிவு பண்ணியிருக்கலாமே" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு இதுதான். முதல் ஆலோசனையை ஊரிலிருந்தே வீடியோவில் முடித்து, தேதியை டாக்டரோடு சேர்ந்து போட்ட பிறகு டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.

ஒன்பது நாள் தள்ளியதில் வீட்டுக்காரரின் லீவு உதைத்தது. கருமுட்டை எடுக்கும் நாளில் அவர் ஹட்டனில் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். நல்லவேளை, நர்ஸ் அக்கா ஒருவர் வழி சொன்னார்: போகும் முன் விந்து மாதிரியை உறைய வைத்துவிட்டுப் போகலாம். 21-ம் தேதி கொடுத்தார். அதற்கு முன் இரண்டிலிருந்து ஐந்து நாள் உறவில்லாமல் இருக்க வேண்டும் என்பதால் அதற்கும் ஒரு கணக்கு. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவங்கள் எல்லாவற்றையும் அன்றே போட்டு முடித்தோம். லீவு நிச்சயமில்லாதவர்கள் வந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.

இப்போது தங்கும் கணக்குக்கு வருகிறேன். பெரியம்மா வீட்டில் இருந்துகொண்டு ஸ்கேனுக்கு மட்டும் இறங்கி வரலாம் என்பது திட்டம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர், பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஊசி ஆரம்பித்து ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒன்று விட்டு ஒரு நாள் ஸ்கேன் பார்க்கிறார்கள். வயிறு உப்பிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் குமட்டிக்கொண்டு, மடியில் ஐஸ் வைத்த பெட்டியில் ஊசி மருந்து. மூன்றாவது தடவை மேலே திரும்பும்போது மரம் விழுந்து வண்டிகள் நின்றுவிட்டன. தினமும் ஏழு மணிக்குப் போடும் ஊசி. மணி ஏழரை ஆனதும் அண்ணன் என்னைக் குஞ்சப்பனை டீக்கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். கடைக்கார அம்மா சர்க்கரை வியாதி ஊசி என்று நினைத்து, பின்னால் சாமான் வைக்கும் அறையைக் காட்டினார். பால் கேனுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில் நின்று, தொப்புளுக்கு இரண்டு விரல்கடை தள்ளி வயிற்றைப் பிடித்துப் போட்டுக்கொண்டேன். அண்ணன் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டார்ச் பிடித்தார். வெளியே வந்ததும் "சாப்பிட்டுட்டுப் போடக் கூடாதா கண்ணு?" என்று அந்த அம்மா ஒரு பன்னைக் கையில் வைத்தார்.

மறுநாள் டாக்டர் இந்த ஊசிக்கு அரை மணி, ஒரு மணி முன்னே பின்னே ஆனால் மோசமில்லை என்றார். ஆனால் முட்டையை முதிர வைக்கக் கடைசியாகப் போடும் ட்ரிகர் ஊசி அப்படி இல்லை, சொன்ன நிமிஷத்தில் போட வேண்டும், அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை எடுக்க வேண்டும். அதை மலைப்பாதையை நம்பி வைக்க முடியாது. அன்றைக்கே கோயம்புத்தூரில், மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில், சமையல் செய்துகொள்ளும்படி ஒரு அறை எடுத்தோம். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் அத்தனை பாடும்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோத்தகிரியில் முதல் வாரம் ஒரு ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில் பின் சுவரை ஒட்டி வைத்துவிட்டேன். எடுத்தால் உள்ளே ஐஸ் நரம்பு ஓடியிருந்தது. உறைந்துபோனதைப் பயன்படுத்தக் கூடாது, தூக்கிப் போட்டேன். இலங்கைக் காசில் மூன்றரையால் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது, அன்றைக்குப் பெருக்கவில்லை. கடைசியில் மருந்துக்கடையில் கேட்டால், அந்த வகை 25 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே இருக்கலாமாம். அக்டோபர் கோத்தகிரியில் 25 டிகிரிக்கு எங்கே போவது? பெரியம்மாவின் துணி அலமாரியே போதுமாயிருந்தது. எல்லா மருந்தும் அப்படி இல்லை, பெட்டியில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

25-ம் தேதி இரவு ஒன்பதரைக்கு ட்ரிகர், 27-ம் தேதி காலையில் எடுப்பு. மயக்கம் கொடுப்பதால் கூட ஒருவர் இருக்க வேண்டும், பெரியம்மா வந்தார். ஏழு முட்டை, அதில் ஐந்து முதிர்ந்தவை, நான்கு கரு சேர்ந்தது, ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை இரண்டு. ஏழு இரண்டாகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் தினமும் போனைப் பார்த்துப் பார்த்துச் சாகாமல் இருந்திருப்பேன். எல்லாருக்கும் படிப்படியாகக் குறையத்தான் செய்யும். புரொஜெஸ்டிரான் ஹார்மோன் சீக்கிரமே ஏறிவிட்டதால் கருவை உடனே உள்ளே வைக்க வேண்டாம், உறைய வைப்போம் என்றார் டாக்டர்.

இங்கேதான் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி ஒன்று. உறைந்த கருவை நம் ஊருக்கு எடுத்துப்போக முடியுமா? சொந்த உபயோகத்துக்கு என்றாலும் அந்த 2021 சட்டப்படி அமைந்த தேசிய வாரியத்தின் அனுமதி இல்லாமல் முடியாது. பத்து வருஷம் வரை அங்கேயே வைத்திருக்கலாம், வருஷா வருஷம் கட்டணம். அதாவது, நம்முடையது அங்கே இருக்கும்வரை நாம்தான் போய் வர வேண்டும். இதையும், மருத்துவமனை அந்தச் சட்டப்படி பதிவானதா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். முதல் பயணம் மட்டும் அறை வாடகை, மருந்து எல்லாம் சேர்த்து இந்திய ரூபாயில் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது.

தீபாவளிக்குக் கோத்தகிரி ஏறினேன். தோட்டத்து வீடுகளில் ஒருத்தி ஒரு மாதமாக வந்து தங்கியிருக்கிறாள் என்றால் கேட்காமல் விடுவார்களா? கோயம்புத்தூர் என்றால் கண் ஆஸ்பத்திரியும் பேர் போனதுதானே. பெரியம்மா எல்லாரிடமும் "கண்ணு ஆபரேசனுக்கு வந்திருக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். எதிர்வீட்டு அக்கா அதிரசத்தோடு வந்து என் முகத்தை உற்றுப் பார்த்து, "எந்தக் கண்ணு?" என்றார். நான் வலது என்றேன், பெரியம்மா அதே நேரம் இடது என்றார். யாரிடம் என்ன சொல்வது என்பதையும் கிளம்பும் முன் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது பயணம் 2025 பிப்ரவரியில், புது விசாவில். இந்தத் தடவை பாடம் படித்திருந்தேன். மாத்திரையை ஹட்டனிலேயே ஆரம்பித்து, கண்டியில் ஸ்கேன் பார்த்து, படத்தை டாக்டருக்கு அனுப்பி, அவர் வரச் சொன்ன பிறகுதான் 12-ம் தேதி டிக்கெட். மருந்தும் சீட்டும் கைப்பையில். கருப்பையின் உள்சுவர், லைனிங், 8 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது, 19-ம் தேதி ஒரு கருவை வைத்தார்கள். படுத்தே கிடக்க வேண்டியதில்லை, அதனால் பலன் கூடுவதில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு நாள் கழித்து வாடகைக் காரில் மேலே போனோம். கோயம்புத்தூர் வண்டி நீலகிரிக்குள் நுழைய வேண்டிய இ-பாஸ் எடுக்க மறந்து, சோதனைச் சாவடியில் ஓரமாக நிறுத்தி எடுத்தோம். பஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை. கார் முழுக்கத் தலையணை அடுக்கியிருந்தார் பெரியம்மா.

மார்ச் 4-ம் தேதி கர்ப்பம் பார்க்க ரத்தம் கொடுத்தேன். மாலையில் ரிப்போர்ட் வந்தது. 2-க்குக் கீழே, அதாவது கர்ப்பம் இல்லை. அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார். பெரியம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரி எனக்கு மட்டும் தோசை சுட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் டாக்டரிடம் பேசினேன். இன்னொன்று இருக்கிறது, இரண்டு மாதம் விட்டுப் பார்க்கலாம் என்றார்.

இப்போது அதற்குத்தான் ஆயத்தம். சேமிப்புக் கட்டணம் கட்டியாகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன், மொழிபெயர்ப்பின் பிரதிகள் எட்டு கையில் இருக்கின்றன. போன வாரம் பெரியம்மா போன் செய்தார். எதிர்வீட்டு அக்கா கேட்டாராம், "மத்தக் கண்ணுக்கு எப்ப வர்றா?"