எந்தத் தூண்கள் வேண்டும்?

விண்வெளி ஓவியம் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதே நிறத்தில் வேண்டும்" என்பார்கள். இப்போது வரைந்துகொண்டிருப்பதும் அப்படி வந்ததுதான். கழுகு நெபுலா என்ற விண்வெளி வாயு-தூசி மேகத்தில் தூண்கள்போல் நிற்கும் 'படைப்பின் தூண்கள்', ஒருவருடைய வரவேற்பறைச் சுவருக்கு. முன்பணம் வாங்கும் முன்பே கேட்டுவிட்டேன்: "ஹபிள் எடுத்த தூண்களா, ஜேம்ஸ் வெப் எடுத்த தூண்களா?"

ஹபிளும் வெப்பும் விண்வெளித் தொலைநோக்கிகள். எடுத்தது ஒரே தூண்களை என்றாலும், வரையும்போது இரண்டும் வேறு வேறு ஓவியங்கள். 1995இல் வந்த ஹபிள் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். உண்மையில் ஹைட்ரஜன் 656 நானோமீட்டர் அலைநீளத்திலும் கந்தகம் 672க்கு அருகிலும் ஒளிர்கின்றன; நம் கண்ணுக்கு இரண்டுமே சிவப்புதான். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டவே இந்த ஏற்பாடு. 2022இல் வெப் எடுத்தது அகச்சிவப்பில், கண்ணுக்கே எட்டாத ஒளியில். தூசியைத் தாண்டி விண்மீன்கள் கொட்டிக் கிடக்கின்றன. இவற்றைப் "பொய் நிறம்" என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு தகவல்.

அவர் ஹபிளைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் அதில் தூண்களின் விளிம்பு அவ்வளவு அழகு. அருகிலுள்ள இளம் விண்மீன்களின் புற ஊதா ஒளி பட்டு, வாயு ஆவியாகி வெளியேறும் இடம் அது. குழாயிலிருந்து வரும் கறுப்பை நான் தொடுவதில்லை. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பைக் கலந்தால் இருட்டுக்கு ஆழம் வருகிறது. அதன்மேல் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு. அது காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால், விளிம்புக்குச் செங்குத்தாக, வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். வாயு கசிவது அப்போதுதான் தெரியும்.

விண்மீன்களுக்கு எட்டுக் கதிர்கள் வைக்கச் சொன்னார். மறுத்துவிட்டேன். அவை வெப்பின் அடையாளம். அதன் அறுகோணக் கண்ணாடிகளாலும் தாங்கு சட்டங்களாலும் வருபவை. ஹபிளில் நான்குதான்.

மிச்சம் இருப்பது வலது மேல் மூலை. அசல் படத்தில் அங்கே படிக்கட்டுபோல் ஒரு கறுப்பு வெட்டு இருக்கும். கேமராவில் ஒளியைப் பதியும் நான்கு சில்லுகளில் ஒன்று சற்று நெருக்கமாகப் பார்த்ததால், அதன் படத்தைச் சுருக்கிப் பொருத்தியபோது விழுந்த இடைவெளி அது. அவருக்கு அது வேண்டாம். 2014இல் ஹபிளே எடுத்த அகலமான படத்தைப் பார்த்து நிரப்பலாம் என்கிறார். எனக்கோ அந்த வெட்டு இருந்தே ஆக வேண்டும். இரண்டு விதமாகவும் சிறிய தாளில் வரைந்து அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் அந்த மூலையில் கை வைப்பேன்.