ஒரு மூடி நொய், ரெண்டு மூடி மாவு

வலது தோள்பட்டையில் தடவிய தைலம் இன்னும் காயவில்லை. யாராவது கேட்டால் வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லும்படி வீட்டில் உத்தரவு போட்டிருக்கிறேன். களி துழாவி வந்த வலி என்று தெரிந்தால் எங்கள் தெருவில் தலைகாட்ட முடியாது.

வழக்கம்போல் அம்மா கெங்கையம்மன் சிரசுக்குக் குடியாத்தம் போயிருந்தாள். வைகாசி ஒண்ணாம் தேதி திருவிழாவுக்குச் சித்திரையிலேயே சின்னம்மா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டால், சிரசு ஊர்வலம் பார்த்து, கோபாலபுரத்தில் இருக்கிற அத்தனை பேருடைய முழங்கால் வலியையும் விசாரித்து முடித்துத்தான் திரும்புவாள். நைனா எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிடுவார் என்பது அம்மா கிளப்பிவிட்ட வதந்தி. வைகாசி ஒண்ணு அன்று காலை, இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, "கேவுரு களி தின்னு எவ்ளோ நாளாச்சு" என்றார். கணக்குப் பார்த்தால் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. என்னவோ 1989-ல் வட ஆற்காடு ஜில்லாவைப் பிரித்த நாளிலிருந்து பட்டினி கிடக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு.

எனக்கு லீவு. ரோஷமும் வந்துவிட்டது. மத்தியானம் களி, நானே கிண்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி, இவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவள் களி கதை தனிக்கதை. கும்பகோணத்துக்காரி, கல்யாணமான புதிதில் ராத்திரிக்குக் களி என்றதும் திருவாதிரைக் களி என்று நினைத்து வெல்லத்தையும் முந்திரியையும் தேடியவள். அவளாவது பரவாயில்லை. மாப்பிள்ளைக்கு வேலூர், வாரத்தில் ரெண்டு நாள் களி சாப்பிடுவார் என்று கேள்விப்பட்டதும் அவள் பெரியப்பா, "எந்தக் கேஸ்ல உள்ளே போனாரு?" என்று கேட்டாராம். தொரப்பாடி ஜெயிலால் எங்கள் ஊர்க்காரன் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் நேதாஜி மார்க்கெட். களி என்றால் முள்ளுக் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்புதான், அதில் பேச்சுக்கே இடமில்லை. 2023-ல் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தாலும் கொடுத்தார்கள், காம்பு முள்ளைவிட விலை முள்தான் ஆழமாகக் குத்துகிறது. "குறியீடு வாங்கின காய் சார், பேரம் பேசக்கூடாது" என்றது அந்தக் கடைக்கார அம்மா, ஏதோ காய் ஐஏஎஸ் பாஸ் பண்ணிவிட்ட மாதிரி. நானும் பேசவில்லை. 2019-ல் ஜில்லாவை மறுபடி மூன்றாக வெட்டியபோது ஆம்பூர் பிரியாணி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆற்காட்டு மக்கன் பேடா ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. நம் பங்குக்கு மிஞ்சியது இந்தக் கத்திரிக்காயும் வெயிலும்தான். கத்திரிக்காயிடமாவது மரியாதையாக நடந்துகொள்வோம்.

குழம்பை இவள் வைத்தாள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நெத்திலிக் கருவாடு கொதிக்கிற வாசனைக்கு, வைத்தியத்துக்காக வந்து எதிர் வீட்டு மாடியில் தங்கியிருக்கிற வங்காளத்துக்காரர் பால்கனிக்கே வந்து, "ஷுட்கி?" என்று கேட்டார். எனக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஒரு கிண்ணம் போயிற்று.

அப்புறம்தான் களி. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நொய் ஒரு மூடி, மாவு ரெண்டு மூடிடா. நொய்யைக் குழைய வேக வச்சிட்டு மாவைக் கொட்டு. பச்சை மூடியால அள, வேற எதையாவது எடுத்துத் தொலைக்காதே."

நான் இவளைப் பார்த்தேன். இவள் இரண்டு கையையும் விரித்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பச்சை மூடி ஒரு பிளாஸ்க்கின் மூடி. நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் கொண்டுபோக நைனா வாங்கியது. உள்ளே இருந்த கண்ணாடி நான் ஒண்ணாவது படிக்கும்போது உடைந்தது, யார் உடைத்தது என்பது இப்போது வேண்டாம். பிளாஸ்க் போனாலும் மூடி தங்கி, எங்கள் வீட்டு அளவு ஆயிற்று. அரிசி, பருப்பு, நாய்க்குச் சோறு, எதிர் வீட்டுக்குக் கடனாகக் கொடுக்கும் சர்க்கரை, எல்லாமே அதில்தான். போன போகிக்கு இவள் அடுக்களையைச் சுத்தம் செய்த வேகத்தில், ஓரம் நசுங்கி இருந்த அந்த மூடியும் பழைய பிளாஸ்டிக் மூட்டையோடு போய்விட்டது. நாலு மாதமாக இந்த ரகசியத்தை நாங்கள் இரண்டு பேரும் கொலைக்கேஸ் மாதிரி காப்பாற்றி வருகிறோம். நடுவில் அம்மா எத்தனையோ முறை களி கிண்டியிருக்கிறாள், மூடி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்ணளவில் போடுகிறாள்போல என்று நினைத்து விட்டுவிட்டோம்.

"தண்ணி எவ்ளோம்மா?"

பின்னால் பம்பை வெடிக்கிறது. "சிரசு வருதுடா, வையி" என்று வைத்துவிட்டாள். அடுத்த போனைச் சின்னம்மா எடுத்து, "தண்ணி பாத்து ஊத்துப்பா" என்றாள். பார்த்து ஊற்றினேன். காபி டம்ளரில் ஒரு உத்தேசம், வேறென்ன செய்வது.

துடுப்பைக் காணோம். அரைமணி நேரம் தேடியபிறகு மொட்டைமாடியில் கிடைத்தது, குரங்கு விரட்டும் ஆயுதமாக. கழுவிக் கொண்டுவந்து, நொய் குழைந்ததும் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்புக் காம்பால் ஓட்டை போட்டு, தீயைக் குறைத்து மூடிவைத்தேன். இதுவரை வெற்றிதான். துழாவ ஆரம்பித்ததும் குண்டான் காஸ் அடுப்பின் மேல் கூடவே சுற்றுகிறது. நான் இடப்பக்கம் துழாவினால் அதுவும் இடப்பக்கம். அணைக்கட்டு என்கிற ஊரில் ஆயா பானையை இறக்கித் தரையில் வைத்து, கவைக் கம்பைக் குறுக்கே கொடுத்து, கவையின் இரண்டு முனையையும் காலால் மிதித்துக்கொண்டு துழாவும். பத்துப் பேருக்கு ஆகிற களி, மூச்சு வாங்காது, நடுவில் எங்களைத் திட்டவும் செய்யும். நாங்கள் காந்தலுக்காகச் சுற்றி உட்கார்ந்திருப்போம். இங்கே கவைக்கு எங்கே போவது? இவள் கரித்துணியால் குண்டானைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, நான் துடுப்பின் மேல் தொங்க, அக்கினி நட்சத்திர மத்தியானத்தில் ஃபேனைப் போட்டால் தீ அணைகிறது, அணைத்தால் நாங்கள் அணைகிறோம். பாப்பா வாசலில் நின்று வீடியோ எடுத்தாள். எடுத்ததைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

களி வந்தது. கிண்ணத்தில் தண்ணீர் தடவி உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும். இது தட்டில் போட்டதும் பரந்து படுத்தது. அதே சமயம் உள்ளே கோலிக்குண்டு அளவில் வெள்ளை மாவுக் கட்டிகள். குழைவும் விறைப்பும் ஒரே குண்டானில் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நைனா ஒரு விள்ளல் எடுத்தார், குழம்பில் தோய்த்தார், விழுங்கப் பார்த்தார், மெல்ல வேண்டியிருந்தது. களியை மெல்ல வைத்துவிட்டாயே என்கிற பார்வை. "எடுத்து வையி. எலக்‌ஷன் வந்தா போஸ்டர் ஒட்டலாம்" என்றார். குழம்பு மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கி, காலையில் மிஞ்சிய இட்லியோடு முடித்தார்.

மிச்சக் களியை ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு கொடுத்தேன். இரண்டு சொம்பு குடித்தார். பாராட்டெல்லாம் இல்லை. கட்டிகளை மட்டும் சொம்பு விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார், எனக்குத் தெரிய வேண்டும் என்று.

புதன்கிழமை அம்மா வந்தாள். வீடியோவைப் பஸ்ஸிலேயே பார்த்துச் சிரித்து முடித்திருந்தாள் போல, வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து எதையோ எடுத்தாள். பச்சை மூடி.

இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அத்தை, அது..."

"போகிக்கு நீ எதை எதைத் தூக்குவேன்னு எனக்குத் தெரியாதா? மூட்டையை அவுத்து எடுத்துட்டேன்."

"நாலு மாசமா ஒரு வார்த்தை சொல்லலியே அத்தை."

"நீ கேட்டியா?"

அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. இவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள், அம்மா உலை வைத்தாள். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் மூடிக்கு எத்தனை டம்ளர் என்று அளந்து எழுதிக்கொள்ள நின்றேன். நொய் தலைதட்டி ஒரு மூடி. மாவு தலைதட்டி இரண்டு மூடி. எழுதி முடித்துவிட்டேன். அம்மா மறுபடி மாவு டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

"இதைப் போன்ல சொல்லவே இல்லியேம்மா?"

"அது கணக்குல வராதுடா. அது உங்க நைனாவுக்கு."

நைனா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.